நாற்பத்தொன்றாவது ஆட்சேபணை

நகரத் திட்ட அலுவலகத்தில் அவருக்கு மைக் அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் மாற்றலாகிப் போயிருப்பார், பெயர் மட்டும் போகவில்லை. இயக்குநரில் தொடங்கி, வாசலில் வண்டி நிறுத்த டோக்கன் கொடுப்பவர் வரை எல்லாருக்கும் அவர் மைக் அக்காதான்.

கோப்பு கட்டுவார், தேதி குறிப்பார், நோட்டீஸ் அனுப்புவார். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. அக்காவின் சொந்த வேலை வேறு. நகரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் ஒரு திருத்தம் வருகிறது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள். பொதுமக்கள் எழுதி அனுப்பிய மனுக்களை எல்லாம், மேடையின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, மைக்கில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அதைப் படிப்பவர் அக்கா.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏறாது, இறங்காது. ஒருமுறை சாலை அகலப்படுத்தும் விவகாரத்தில் ஒரு கடைக்காரர் மனு எழுதியிருந்தார். இயக்குநரின் பிறப்பைப் பற்றி நாலு வரி, அவருடைய மூளை உடம்பின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று இரண்டு வரி. இயக்குநர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அக்கா பஸ் நேர அட்டவணை படிப்பது போல ஒரு சொல் விடாமல் படித்து முடித்தார். கூட்டம் முடிந்ததும் அந்தக் கடைக்காரரே அவரிடம் வந்தார். "ராத்திரி பூரா உட்கார்ந்து எழுதினேன்மா. நீங்க படிச்சதும் எனக்கே போரடிச்சிடுச்சு" என்றார்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. முக்கியமானவை என்று நாலைந்தை மட்டும் படித்துவிட்டு மீதியைக் கட்டி வைத்துவிடுவார்கள். ஒரு தடவை மர அறுவை மில் முதலாளி ஒருவரின் மனு அடியில் போய்விட்டது. மனுஷன் சும்மா இருப்பாரா? கோர்ட்டுக்குப் போனார். முழுத் திருத்தமும் ரத்து. அன்றைக்கு வந்தது இந்த விதி: வந்த வரிசையில், முதல் எழுத்திலிருந்து பெயர், முகவரி வரை, எல்லா மனுவையும் முழுதாகப் படிக்க வேண்டும்.

இதற்கு மேல் அக்காவுக்கு ஒரு சொந்த விதியும் உண்டு. மனுக்களை முன்கூட்டிப் பார்க்க மாட்டார். தபால் பிரிவில் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டுக் கட்டித் தருவார்கள். அந்தக் கட்டு மேடையில்தான் அவிழும். "முன்னாடியே படிச்சா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும். அப்புறம் குரலும் சாயும்" என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு வாயடைத்துப் போவார்கள். பழையவர்களுக்கு, அக்காவுக்கு மனசு என்று ஒன்று இருப்பதே இந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

அது நியாயமில்லாத கேலி. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்காவின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். வீட்டில் வாயாடி அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு வாங்குகிறது என்றார். ஆட்டோவில் உட்கார்ந்து டிரைவரிடம் பவர் கண்ணாடியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினோரு மணிக்கு ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏழு தாள் கொடுத்தார்கள். அக்கா பேனாவை எடுத்து ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார். அத்தனை வருடம் அலுவலகத்தில் படிவம் சரிபார்த்த கை. காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் அந்தக் கைக்குப் பொறுக்காது. "பொருந்தாது" என்றாவது எழுதிவிடும்.

அழவில்லை. வந்தவர்கள் தைரியசாலி என்றார்கள், போகும்போது கல் நெஞ்சம் என்றார்கள். இரண்டும் இல்லை. அவருக்குள் ஏதோ மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். வலிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் அந்த இடமே அகப்படவில்லை. பதினாறாவது நாள் வேலைக்குப் போனார். காலையில் எழுவார், பஸ் பிடிப்பார், திரும்பி வருவார். சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. எதில் உட்கார்வது என்ற கேள்வி வந்துவிடக் கூடாது என்று சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். தொலைக்காட்சி ஓடும். கடலுக்கடியில் மீன்கள் போகும். எந்த மீன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேல் வீட்டுக்காரம்மா படியில் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்பார். "இருக்கேன்" என்பார் அக்கா. பொய் இல்லையே.

ஒரே மகள். பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை, நகரத்தின் இன்னொரு கோடியில் வீடு. அப்பா போன மறுமாதமே தன் வீட்டில் அம்மாவுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். மாப்பிள்ளை சுவருக்கு வெள்ளையடித்தார். "வந்துடும்மா" என்று அவள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள். "சரி, பார்க்கலாம்" என்று அக்கா ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். இப்படிப் பார்த்துப் பார்த்தே ஒன்றரை வருடம் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் தபாலில் ஒரு வழவழப்பான துண்டுப் பிரசுரம் வந்தது. ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கென்றே தனியாக ஒரு மூத்தோர் குடியிருப்பு வரப் போகிறதாம். இரண்டாயிரத்து இருநூறு வீடுகள். உள்ளேயே மருத்துவமனை, பொதுச் சாப்பாட்டுக் கூடம், குளியலறைகளில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தால் ஆள் ஓடி வரும் சிவப்புக் கயிறு. கூடவே விருப்பப் படிவம் ஒன்று. பணம் கிடையாது, வாக்குறுதி கிடையாது, விருப்பம் மட்டும். பெயர், வயது, தனியாக இருக்கிறீர்களா, மாடி ஏற முடியுமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று பதினெட்டுக் கட்டங்கள்.

அக்கா பதினெட்டையும் நிரப்பினார். அவசரத்துக்கு என்ற இடத்தில் மகளின் எண்ணைப் போட்டார். மறுநாள் அலுவலகம் போகிற வழியில் தபாலில் சேர்த்தார். ஆசைப்பட்டாரா என்றால், இல்லை. வேண்டாம் என்று நினைத்தாரா என்றால், அதுவும் இல்லை. அங்கே போனால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. அது ஒரு சமாதானம் போல இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. படிவம் வந்தது, நிரப்பியாயிற்று.

எட்டு வாரம் கழித்து அதே விஷயம் கோப்பாக அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் பழைய செங்கல் சூளை மைதானம். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அது பச்சை: திறந்தவெளி, கட்டடம் கூடாது. கம்பெனி கேட்பது மஞ்சள்: குடியிருப்பு. பச்சையை மஞ்சளாக்குவது வரைபடப் பிரிவுக்கு ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் மற்றவர்களுக்கு நாலு மாத வேலை. மைதானத்தின் நாலு பக்கமும் அறிவிப்புப் பலகை நட வேண்டும். முந்நூறு மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ஆட்சேபணைக்கு முப்பது நாள். தேவை இருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கம்பெனி ஒரு பட்டியலை இணைத்திருந்தது. விருப்பம் தெரிவித்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

"ஆறாயிரம் பேரா! நம்ம ஊர்ல இத்தனை பேருக்கு வீட்டை விட்டு ஓடணும்னு இருக்கா?" என்று பிரிவு அலுவலர் பட்டியலைப் புரட்டினார். எந்த வேலையைக் கொடுத்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடியுமா என்று கேட்கிற மனிதர் அவர்.

அந்த ஆறாயிரத்தில் தானும் ஒருத்தி என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் கோப்பைத் தொடக் கூடாது என்பதும் விதிதான். விதியென்றால் உயிரை விடுகிற அக்கா இதை மட்டும் கோட்டை விட்டார். மறைக்க நினைத்து அல்ல. அந்தப் படிவத்தை நிரப்பியது தான்தான் என்று அவருக்கே பெரிதாகத் தோன்றவில்லை.

ஆனால் கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டத்துக்குத் தேதி குறித்ததும், பட்டியலில் இருந்தவர்களை வரிசையாக அழைத்துப் பேசினார்கள். அக்கா அலுவலக நேரத்தில் போனை எடுப்பதில்லை. எனவே அவசர எண்ணுக்கு அடித்தார்கள். பல் ஆஸ்பத்திரியில், ஒரு நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்க, மகள் போனை எடுத்தாள்.

"வணக்கம் மேடம். உங்க அம்மாவுக்குத் தோட்டம் பார்த்த வீடு வேணுமா, ரோடு பார்த்த வீடு வேணுமா?"

அன்று சாயங்காலமே மகள் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஃபார்ம் போட்டியாம்மா?"

"போட்டேன்."

"அங்க போய் இருக்கப் போறியா?"

"வந்துச்சு. நிரப்பினேன்."

"நிரப்பறது வேற, போறது வேற. உனக்குப் போகணும்னு இருக்கா?"

"பார்க்கலாம்."

"எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு போறியா? நான் எப்பவாவது அப்படி மூஞ்சி காட்டியிருக்கேனா?"

"டீ ஆறுது பாரு."

மகள் டீயைத் தொடவில்லை. "அப்பா போனதுலேர்ந்து நீ என்கிட்ட ஒரு வாக்கியம் முழுசாப் பேசலம்மா. சரி, பார்க்கலாம், ஆறுது, காயுது. இவ்வளவுதான். எனக்கு அப்பாவும் இல்ல, நீயும் இல்ல."

அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். இரண்டு தட்டுதான் இருந்தது. அதையே திரும்பத் திரும்பக் கழுவினார். எனக்கே அந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. மகள் அந்த முதுகைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. ஆட்சேபணைக்குக் கடைசி நாளும் அதற்குள் வந்து போனது.

கூட்டம் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, முதல் மாடிக் கூடத்தில். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலியும் நிரம்பி, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். மேடையில் இயக்குநர், கமிட்டித் தலைவர், உறுப்பினர்கள், கம்பெனியின் வக்கீல், நடவடிக்கைக் குறிப்பு எடுக்கும் தட்டச்சர். இடது ஓரத்தில் அக்கா. அறுபத்துமூன்று மனுக்கள். கட்டை அவிழ்த்தார்.

வழக்கமான சங்கதிகள்தான். தண்ணீர் பற்றாது. சாலை தாங்காது. பையன்கள் பந்து விளையாட வேறு இடம் இல்லை. மைதானத்தில் இருபது நாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு யார் பொறுப்பேற்பது? ஒரு அம்மாள் ஆதரவு தெரிவித்து எழுதியிருந்தார்: "என் மாமியார் அங்கே போக விரும்புவார் என்று நம்புகிறேன், அவரிடம் இன்னும் கேட்கவில்லை." கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அக்கா சிரிப்பு அடங்கக் காத்திருந்து, அந்த அம்மாளின் முகவரியைப் படித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் தலைவர் "பதிவு செய்யப்பட்டது, அடுத்தது" என்றார். தட்டச்சரின் விரல்கள் ஓடின.

"மனு எண் நாற்பத்தொன்று. ஆட்சேபணை" என்று தொடங்கினார் அக்கா.

"ஐயா, எனக்குத் தண்ணீரைப் பற்றியோ சாலையைப் பற்றியோ ஆட்சேபணை இல்லை. நான் அந்த மைதானத்தின் பக்கம் குடியிருப்பவளும் இல்லை. என் ஆட்சேபணை ஒரே ஒருவரைப் பற்றியது. விண்ணப்பத்தோடு இணைத்திருக்கும் விருப்பப் பட்டியலில் என் அம்மாவும் இருக்கிறார். அவரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்."

கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அப்பா இறந்தார். ஆஸ்பத்திரியில் நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் குனிந்தார். கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். படிவத்தில் அந்தக் கட்டம் பாக்கியிருந்தது."

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது புத்திக்குத்தான், வாய் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம் அது, பிரேக் கிடையாது.

"அம்மா அங்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல இடம்தான். மனதார ஆசைப்பட்டுப் போனால் நானே சாமான் கட்டிக் கொடுப்பேன். ஆனால் அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. காலியாக ஒரு கட்டம் இருந்தது என்பதற்காகப் போகிறார். தன்னையும் ஒரு கோப்பு மாதிரி கட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் அலமாரியில் வைத்துவிடப் பார்க்கிறார்.

"இதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன். மனு என்று வந்துவிட்டால் என் அம்மா அதை முன்கூட்டிப் பிரிக்க மாட்டார், ஒரு வரி விட மாட்டார், நடுவில் எழுந்து போக மாட்டார். கடைசி வரி வரை அவரை உட்கார வைக்க இந்த ஊரில் எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை."

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன் வரிசையில் ஒரு பெண்மணி கையை வாய்க்குக் கொண்டுபோனார். மேடையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. இயக்குநர் அக்காவைப் பார்த்தார், உடனே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் குரல் மட்டும் ஏறவில்லை, இறங்கவில்லை.

"அம்மா, ஊரில் இருக்கிற எல்லாருடைய வார்த்தையையும் படிக்கிறாய். எனக்கு உன் வார்த்தை ஒன்று வேண்டும். சரி, பார்க்கலாம் இல்லை. ஒரே ஒரு முழு வாக்கியம். அழுதுகொண்டு சொன்னாலும் சரி, திட்டிச் சொன்னாலும் சரி. அது கிடைத்த அன்றைக்கு இந்த ஆட்சேபணையை நான் வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு."

மகளின் பெயரைப் படித்தார். கதவு எண், தெரு, பகுதி, அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

தலைவருக்கும் வேறு வழி தெரியவில்லை. "பதிவு செய்யப்பட்டது" என்றார். "அடுத்தது" என்பதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மனு எண் நாற்பத்திரண்டு" என்றார் அக்கா. "எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டடி உயரத்தில் மதில் சுவர் வரப்போவதாக அறிகிறோம். ஆறடி இருந்தால்..."

நின்றுவிட்டது. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "ஆறடி இருந்தால்" என்று மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது தடவை "ஆறடி" என்பதே வரவில்லை. வேறு ஏதோ ஒரு சத்தம் வந்தது, மைக் அதையும் கூடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மதில் சுவரைப் பற்றிய மனுவில் அழ என்ன இருக்கிறது? எழுதியவரே திகைத்துப்போய்ப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அக்காவுக்கு இத்தனை நாள் மரத்துக் கிடந்த இடம் இப்போது அகப்பட்டுவிட்டது. கை வைக்க முடியாதபடி வலித்தது.

"தண்ணி குடிங்கம்மா" என்றார் தலைவர்.

"இல்ல சார்." அக்கா மைக்கிலேயே சொன்னார். "நாப்பத்தொண்ணு என் பொண்ணு எழுதினது. அந்தப் பட்டியல்ல என் பேர் இருக்கு. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. மீதிய வேற யாராவது படிங்க."

தட்டச்சர் அதையும் அடித்தார். அக்கா எழுந்தார். மேடையின் மூன்று படிகளையும் இறங்கினார். மகள் கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றிருந்தாள், முகம் வெளிறிப்போய். இப்படி நடக்கும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள். நடுவழியில் நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரோ இரண்டு நாற்காலி காலி செய்து கொடுத்தார்கள்.

பிரிவு அலுவலர் மைக் முன்னால் போய் உட்கார்ந்து, நாற்பத்திரண்டை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். மதில் சுவரை ஏதோ மேடைப் பேச்சு மாதிரி ஏற்றி இறக்கிப் படித்தார்.

"கோவமாம்மா?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

அக்கா தலையை ஆட்டினார், இல்லையென்று. முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் இதுவரை தெரியாத ஒரு சேதியைச் சொல்வது போல, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அப்பா செத்துட்டாருடி."

"ஆமாம்மா."

"நான் இனிமே என்னடி பண்றது?"

மகள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து அழுதாள்.